இரண்டாவது பாட்டரி

ராயபுரத்தில் கல்மண்டபம் மார்க்கெட்டைத் தாண்டிக் கடலுக்குப் போகிற சந்தின் முனையில் கஸ்பாரின் பாட்டரிக் கடை இருந்தது. முன்பக்கம் கடை, பின்பக்கம் குடித்தனம். இரண்டுக்கும் நடுவில் கதவு கிடையாது. ஒரு சாக்குத் திரை தொங்கும். கடைச் சுவரில் அறைந்திருந்த மரப்பலகையில் பல்புகள் வரிசையாக இருந்தன. மின்சாரம் அந்தப் பல்புகளின் வழியாக வந்துதான், வேகம் தணிந்து, தரையில் வைத்திருக்கும் பாட்டரிகளுக்குள் போகும். ஏற்றுகிற வேலை நடக்கிறவரைக்கும் பல்புகள் எரியும். ஏறி முடியப் போகிற பாட்டரிகள் கொதிக்கத் தொடங்கும். குழம்பு கொதிப்பது போல் இல்லை. அதைவிடச் சன்னமாக, ஸ்ஸ் என்று, நிறுத்தாமல்.

அந்த வெளிச்சத்திலும் அந்தச் சத்தத்திலும்தான் அம்மு தூங்கிப் பழகியிருந்தாள்.

அவள் கஸ்பாருடைய தங்கை மகள். தங்கை அடைக்கலமேரி இரண்டாவது பிரசவத்தில் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டாள். வயிற்றில் இருந்ததும் தங்கவில்லை. காசிமேட்டுக் கல்லறையில் அடக்கம் முடிந்து எல்லோரும் திரும்பியபோது கஸ்பாரின் மனைவி சிலுவையம்மாளின் இடுப்பில் அம்மு இருந்தாள். அப்போது அவள் அடி எடுத்து வைக்கப் பழகிக்கொண்டிருந்தாள். அந்த இடுப்பை விட்டு அப்புறம் இறங்கவில்லை என்றே சொல்லலாம். கஸ்பாருக்கும் சிலுவையம்மாளுக்கும் பிள்ளை இல்லை. வேளாங்கண்ணி மாதாவிடம் வருஷா வருஷம் போய்க் கேட்டார்கள். கேட்டது ஒன்று, கிடைத்த விதம் வேறொன்று. அம்மு பேசத் தொடங்கியதும் சிலுவையம்மாளை 'ம்மா' என்றாள். சந்திலிருக்கிறவர்கள் கூப்பிடுவதைக் கேட்டுக் கஸ்பாரை 'நைனா' என்றாள். இரண்டையும் யாரும் திருத்தவில்லை.

மேரியின் புருஷன் வால்டர் பி.எஸ்ஸி. படித்தவன். ஒரு கல்லூரியில் பரிசோதனைச் சாலையில் வேலையாக இருந்தான். அவள் போனதும் வேலையை விட்டுவிட்டான். திருவொற்றியூரில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தான். ஞாயிற்றுக்கிழமை ராயப்பர் கோயில் பூசை முடிந்ததும் வருவான். ஸ்டூலில் உட்காருவான். கொடுத்ததைச் சாப்பிடுவான். போகும்போது குடையை மறந்துவிட்டுப் போவான்.

டிராம் நின்றுபோன மறுவருஷம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரத்தில், ஞாயிற்றுக்கிழமையாக இல்லாத ஒரு நாளில் வால்டர் வந்தான். நடந்து வரவில்லை. பட்டாளத்தில் ஆம்புலன்ஸாக இருந்து ஏலத்தில் போன பெரிய வண்டி ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தான். பச்சைப் பெயின்ட்டுக்கு அடியில் சிலுவைக்குறி இன்னும் மங்கலாகத் தெரிந்தது.

எதிர்க்கடையில் தகர வேலை செய்கிற வேம்பு முதலில் எழுந்து வந்தான்.

"இன்னா பி.எஸ்ஸி. சார், சண்டை முடிஞ்சு எத்தினியோ நாளாச்சே. இப்போ போயி பட்டாளத்துல சேந்துக்கினியா?"

"கம்பெனி வண்டி வேம்பு."

"இன்னா கம்பெனி? பொணம் தூக்குற கம்பெனியா?"

"டேய், வாய மூடுடா," என்றான் கஸ்பார். சோடா உப்புக் கரைத்த சட்டியில் கையை அலசிக்கொண்டே வெளியே வந்தான். ஆசிட் பட்ட கையோடு எதையும் தொடமாட்டான். "வா மாப்ளே. இன்னா விசயம்?"

வால்டர் சொன்னான். பிராட்வேயில் ஒரு கம்பெனி. பள்ளிக்கூடங்களுக்குத் தராசு, லென்சு, கண்ணாடிக் குழாய் எல்லாம் விற்கிறது. சாமான்களை வண்டியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பள்ளிக்கூடத்தில் பரிசோதனை செய்து காட்ட வேண்டும். செங்கல்பட்டில் தொடங்கித் திருநெல்வேலி வரைக்கும். திரும்பி வர மாசக்கணக்கில் ஆகும். தூக்கம் வண்டியிலேயே. உள்ளே கட்டில் போட்டாயிற்று.

"நல்லதாப் போச்சு மாப்ளே. நாலு ஊரு பாத்தா மனசு ரவ லேசாவும்."

"கல்லறைத் திருநாள் முடிஞ்சதும் கிளம்பறேன். அம்முவையும் கூட்டிக்கிட்டுப் போறேன்."

திரைக்குப் பின்னால் சிலுவையம்மாள் சுறா மீனைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நின்றது. சாம்பல் ஒட்டிய கையோடு வெளியே வந்தாள்.

"இன்னா தம்பி சொன்னீங்க?"

வால்டர் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"பொட்டப்புள்ளைய லாரியில போட்டுகினு ஊர் ஊரா சுத்துவீங்களா? கஞ்சி யாரு காச்சுவாங்க? கழுவி உடுறது யாரு? சொரம் வந்தா இன்னா பண்ணுவீங்க?"

"பார்த்துக்குவேன் அக்கா."

"போன மாசம் அடுப்புல பால வெச்சுட்டு ரூமெல்லாம் பொகையாப் பூட்டுச்சாம். வூட்டுக்காரம்மா மாதா கோயிலாண்ட வந்து எங்கிட்ட அழுவுறா. புள்ளைய எங்கனா டேசன்ல குந்த வெச்சுட்டு மறந்துட்டீங்கன்னா?"

"இந்தாம்மே," என்றான் கஸ்பார்.

"கம்னு இருய்யா. நான் கேக்குறேன், அவுரு சொல்லட்டும்."

வால்டர் பல்பு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் கோபமில்லை. ஒரு வருஷமாக அவனிடம் எதுவுமே இல்லை. அதுதான் கஸ்பாருக்குப் பயம். கோபக்காரனாக இருந்தால் சண்டை போட்டுப் பிள்ளையை நிறுத்திக்கொள்ளலாம்.

"மாப்ளே, நான் வேற ஒண்ணு சொல்றேன்," என்றான் கஸ்பார். "அது இருட்டுல தூங்காது. போன மழையில கரண்டு பூட்டப்போ கத்தி சந்து முழுக்கக் கூட்டிடுச்சு. பல்பு எரிஞ்சப்புறந்தான் அடங்குச்சு. கேட்டுப் பாரு இவன."

"ஆமா சார்," என்றான் வேம்பு. "ஹார்பர் சங்கு தோத்துடுச்சு."

"வண்டிக்குள்ள விளக்கு இருக்கு மச்சான்."

"கீது. எரியும். விடிய விடிய எரிஞ்சா காத்தால வண்டி கெளம்பாது. கீற ஒரு பாட்ரியும் படுத்துக்கும். நடு ரோட்டுல நீயும் அதுவும் குந்திகினு கெடக்கணும்."

சொல்லி முடித்ததும் கஸ்பாருக்கு மூச்சு சீராக வந்தது. தொழில்காரன் பேச்சு. யாரும் எதிர்த்துச் சொல்ல முடியாது.

வால்டர் யோசித்தான். யோசிப்பதற்கு அவனுக்கு வெகுநேரம் பிடித்தது.

"அப்ப விளக்குக்குன்னு தனியா இன்னொரு பாட்டரி போட்டுடு மச்சான். வண்டி ஓடறப்ப டைனமோ அதையும் ஏத்தட்டும். நின்னா அது மட்டும் எரியட்டும். கிளம்பற பாட்டரியத் தொடவேணாம்."

வேம்பு சிரித்துவிட்டான். "மாட்டிக்கினியா மாமு."

கஸ்பார் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வால்டர் வேறு கடைக்குப் போவான். எவனோ ஒருவன் ஆசிட் ஒழுகுகிற பெட்டியைப் பிள்ளை படுக்கிற கட்டிலுக்கு அடியில் ஆணி அடித்து வைத்துக் கொடுப்பான். சிலுவையம்மாள் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது. அவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

"வண்டிய இங்கியே உட்டுட்டுப் போ," என்றான்.

*

புது பாட்டரி காய்ந்த நிலையில்தான் வரும். அதற்கு ஆசிட் கலக்கி ஊற்ற வேண்டும். கஸ்பார் மண்ஜாடியில் தண்ணீரை எடுத்துக்கொண்டு, ஆசிட்டை நூல் போல விட்டு, மரக்குச்சியால் கிளறினான். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. ஜாடி சூடேறிச் சூடேறிப் பிறகு ஆறியது. ஆறினதைப் பாட்டரியின் செல்களில் ஊற்றி, உள்ளே இருக்கிற ஈயப் ப்ளேட்டுகள் ஊறுகிறவரைக்கும் விட்டுவைத்தான். அவசரப்படாமல் செய்கிற வேலை அது. அவன் இன்னும் கொஞ்சம் அவசரப்படாமல் செய்தான்.

மத்தியானம் சுறாப்புட்டும் சோறும் வைத்தாள் சிலுவையம்மாள். அம்மு அவள் மடியில் உட்கார்ந்து புட்டைக் கிளறி, வெங்காயத்தையெல்லாம் பொறுக்கி வெளியே வைத்தாள்.

"யோவ்."

"இன்னா?"

"பழைய பாட்ரியப் பிரிச்சு மூலையில போட்டு வெச்சிகிறியே, இத்துப்போன ப்ளேட்டுங்க."

"ஆமா."

"அதுல ஒண்ண அந்தப் புதுசுல வெச்சுடு."

கஸ்பார் சோற்றில் கையை வைத்தபடி இருந்தான்.

"வெச்சா நாலு நாளு எரியும். அப்பால படுத்துக்கும். நீதான சொல்லுவே, ஒரு செல்லு கெட்டா எல்லாம் கெட்டுதுன்னு. செங்கல்பட்டு தாண்டுறதுக்குள்ள திரும்பிகினு வந்துடுவாரு. இது நமக்கு ஒத்து வராது அக்கான்னு புள்ளைய எங்கையில குடுத்துட்டுப் போவாரு."

"வர மாட்டான்."

"வருவாரு."

"வர மாட்டாம்மே. வெளக்கு பூட்டா அப்படியே குந்தினு இருப்பான் அவன். ஒனக்குத் தெரியாதா அவன? எதோ ஒரு ஊரு புளியமரத்தடியில வண்டி நிக்கும். உள்ள கும்மிருட்டு. இது கத்திகினு கெடக்கும். அவன் பக்கத்துல குந்தினு பாத்துகினு இருப்பான்."

அவள் அம்முவின் வாயைத் துடைத்தாள்.

"அப்போ ஒன் கையாலயே ஒயுங்கா பண்ணிக் குடுத்து அனுப்பிடுவே."

"பெத்தவன் அவன்."

"ஆமாய்யா. நான் பெக்கல. அத்தான சொல்ல வர?"

அவன் அதைச் சொல்ல வரவில்லை. ஆனால் வாயில் இருந்த சோற்றை விழுங்கிவிட்டு இல்லை என்று சொல்வதற்குள் அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அம்மு மட்டும் இருந்தாள்.

"நைனா, கை," என்று இரண்டு கைகளையும் நீட்டினாள். அவன் எழுந்து சோடா சட்டியில் கை அலசும்போதெல்லாம் அவளும் வந்து தன் கையை முக்குவாள். அவளுக்கு அது ஒரு விளையாட்டு. அவன் அவளைத் தூக்கிக்கொண்டு சட்டியருகே போனான்.

*

முதல் தடவை ஏற்றுவதை மெதுவாகத்தான் செய்ய வேண்டும். பல்புகளில் பாதியைக் கழற்றிவிட்டுக் குறைந்த வேகத்தில் ஏற்றினான். கண்ணாடிக் குழாயின் ரப்பர் குமிழை அழுத்தி, செல்லிலிருந்து ஆசிட்டை உறிஞ்சினால், உள்ளே ஒரு மிதப்பு நிற்கும். ஏற ஏற மிதப்பு மேலே வரும். எல்லாச் செல்லும் கொதித்து, மிதப்பு ஏறின இடத்திலேயே நின்றுவிட்டால் வேலை முடிந்தது.

வால்டர் தினமும் பஸ் பிடித்துத் திருவொற்றியூரிலிருந்து வந்தான்.

"ஆச்சா மச்சான்?"

"இன்னும் இல்ல மாப்ளே."

ஸ்டூலில் உட்காருவான். அம்மு திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பாள். "ம்மா, வண்டி மாமா," என்பாள். வண்டி வந்ததிலிருந்து அவனுக்கு அந்தப் பெயர். அதற்கு முன்னால் அவனுக்குப் பெயரே இருக்கவில்லை.

கல்லறைத் திருநாளன்று மழை விட்டிருந்தது. காற்று மட்டும் கடலிலிருந்து அடித்தது. காசிமேட்டில் எல்லாக் கல்லறைகளிலும் மெழுகுவர்த்திகளை ஏற்றுவதும் அவை அணைவதுமாக இருந்தது. வேம்பு தகரத்தை வளைத்து ஒரு தடுப்பு செய்து கொடுத்திருந்தான். மேரியின் கல்லறையில் அதைக் குத்திவைத்த பிறகுதான் சுடர் நின்றது. சிலுவையம்மாள் ஜெபமாலை உருட்டினாள். அம்மு ஜவ்வந்திப் பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்துக் கல்லறைக்கு வந்த ஒரு கிழவர் குனிந்து, "யார் வூட்டுப் பாப்பா நீயி?" என்று கேட்டார்.

அம்மு பூவோடு கையை நீட்டிக் கஸ்பாரைக் காட்டினாள். "நைனா வூடு."

வால்டர் ஓர் அடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். கிழவர் அவனைப் பார்த்து, "சாரு யாரு?" என்றார்.

அம்முவே அதற்கும் பதில் சொன்னாள். "வண்டி."

கிழவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. வால்டர் குனிந்து, நிமிர்ந்தே நின்றிருந்த மெழுகுவர்த்தியைத் தொட்டு நிமிர்த்தினான்.

மறுநாள் காலையில் கஸ்பார் குழாயை விட்டு உறிஞ்சினான். மிதப்பு உச்சிக்கு வந்து நின்றது. எல்லாச் செல்லும் கொதித்தன. குழாயில் இருந்ததைச் செல்லிலேயே விட்டுவிட்டு, ஒயரைக் கழற்றாமல் எழுந்தான்.

வால்டர் வந்தான்.

"ஆச்சா மச்சான்?"

"ரவ போவணும் மாப்ளே."

வால்டர் குழாயைத் தானே எடுத்தான். அவன் படித்தவன், மிதப்பைப் பார்க்கத் தெரியும். குமிழை அழுத்தி உறிஞ்சி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, நெடுநேரம் பார்த்தான். கஸ்பாருக்குக் காது சுட்டது.

"ஆமா மச்சான். இன்னும் கொஞ்சம் போகட்டும்," என்றான் வால்டர்.

கஸ்பார் அவன் முகத்தைப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் இல்லை. குழாயை இருந்த இடத்தில் வைத்துவிட்டு அவன் போனான். குடை ஸ்டூலின் மேலேயே இருந்தது.

அப்புறமும் அப்படியே நடந்தது. கஸ்பார் இன்னும் என்பான். வால்டர் பார்த்துவிட்டு ஆமாம் என்பான். மற்ற பாட்டரிகள் வந்தன, ஏறின, போயின. அது மட்டும் மூலையில் கொதித்துக்கொண்டே இருந்தது. சிலுவையம்மாள் இதைக் கவனித்தாள். அந்த நாட்களில் அவள் கஸ்பாருக்கு நெத்திலிக் கருவாட்டைப் பொரித்து வைத்தாள், கேட்காமலே.

"இன்னா மாமு, அந்தப் பாட்ரி இன்னா கப்பலுக்கா?" என்றான் வேம்பு. "கரண்டுல ஓடுற ரயிலு கூட இத்தினி கேக்காது."

"ஒன் வேலையப் பாருடா."

ஒரு நாள் சாயங்காலம் மழை சந்து முழுவதையும் மறைத்துப் பெய்தது. வால்டரால் கிளம்ப முடியவில்லை. சிலுவையம்மாள் தேங்காய்ப்பால் ஊற்றி ஆப்பம் கொடுத்தாள். அவன் தட்டைக் கையில் வைத்திருந்தான்.

"மச்சான், அந்தப் பால் விஷயம்."

"அத்த உடு மாப்ளே. பொம்பள ஏதோ கோவத்துல சொல்லிட்டா."

"மறந்து போகலை. அடுப்புக்கு முன்னாலதான் உக்காந்திருந்தேன். பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். பொங்கிச்சு. வழிஞ்சுது. அப்புறம் கருகிச்சு. எல்லாம் பார்த்தேன். எறக்கணும்னு கை போகலை."

வால்டர் தட்டை மடியில் வைத்துக்கொண்டான்.

"அக்கா சொல்றது சரிதான். எனக்கே பயமாத்தான் இருக்கு. ஆனா தனியாப் போயிட்டு ஆறு மாசம் கழிச்சு வந்தேன்னா, இப்ப இருக்கிற வண்டி மாமாவும் இருக்க மாட்டான். சாரு யாருன்னு அதுவே கேட்கும்." ஆப்பத்தின் ஓரத்தைப் பிய்த்தான். அதை வாயில் போடவில்லை. "மேரிகிட்ட இருந்து எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான். அதுகூட எங்கிட்ட இல்லை."

திரைக்குப் பின்னால் அம்முவுக்கு இருமல் வந்தது. இரண்டு நாளாகவே இருமினாள். கொதிக்கிற பாட்டரியிலிருந்து எழும்புகிற நெடி, மழைக்குக் கடைக் கதவைச் சாத்தியிருந்ததால் வெளியே போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

கஸ்பார் எழுந்து மூலைக்குப் போனான். பாட்டரியின் மேல் கையை வைத்தான். சுட்டது. குழாயை விட்டு உறிஞ்சினான். தெளிந்த தண்ணீராக இருக்க வேண்டியது செம்மண் கரைத்தது போல வந்தது. ப்ளேட்டில் அப்பியிருந்த மருந்து உதிர ஆரம்பித்திருக்கிறது. தொழில் தெரியாமல் வேலைக்கு வந்த காலத்தில்கூட அவன் கையில் ஒரு பாட்டரி இப்படி ஆனதில்லை.

குழாயை வால்டருக்குக் காட்டினான். வால்டர் பார்த்தான்.

"இதுக்கு மேல வெச்சா வீணாப் பூடும்," என்றான் கஸ்பார். "இது ஏறி முடிஞ்சு எம்மாம் நேரமோ ஆவுது. ஒனக்குந் தெரியும்."

"தெரியும் மச்சான்."

கஸ்பார் ஒயரைக் கழற்றினான். மற்ற பாட்டரி எதுவும் அன்றைக்கு இல்லை. பல்புகள் அணைந்தன. உள்ளே அம்மு அழ ஆரம்பித்தாள். சிலுவையம்மாள் லாந்தரைக் கொளுத்துகிற சத்தம் கேட்டது.

*

மழை விட்ட காலையில் வேலையைத் தொடங்கினான். தேக்குப் பலகையில் பெட்டி செய்து உள்ளே தார் பூசி, அதற்குள் பாட்டரியை இறக்கினான். நெடி பிள்ளை பக்கம் வராமல் வெளியே போவதற்கு வேம்பு ஒரு தகரக் குழாய் செய்து வண்டியின் அடிவழியாக இறக்கிக் கொடுத்தான். பாட்டரியின் முனைகளில் கஸ்பார் வாஸ்லின் தடவினான். கட்டிலுக்கு அடியில் பெட்டியை நான்கு போல்ட்டில் முடுக்கிவிட்டுத் தானே அதைப் பிடித்து உலுக்கிப் பார்த்தான். வண்டி ஆடியது, பெட்டி ஆடவில்லை.

வால்டர் காகிதத்தில் படம் போட்டுக் கொடுத்திருந்தான். ஒரு கத்தி சுவிட்ச், கத்தி மாதிரித் தூக்கி இறக்குகிற செம்புப் பட்டை வைத்தது. கீழே இறக்கினால் பாட்டரி டைனமோவோடு சேர்ந்து ஏறும். மேலே தூக்கினால் டைனமோ விட்டுப்போய் விளக்கு எரியும். படம் சரியாகவே இருந்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சுவிட்ச் என்று அதில் குறித்திருந்தான்.

கஸ்பார் சுவிட்சை அங்கே வைக்கவில்லை. ஒயரைப் பின்னுக்கு இழுத்துக் கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் அடித்தான்.

"முன்னாடி இருந்தா எனக்கு வசதி மச்சான்."

"ஒனக்கு வசதியா இருந்தா நீ மறந்துடுவே. இங்க வா. வண்டி நின்னா இத்தத் தூக்கணும். தூக்காட்டி வெளக்கு எரியாது. எரியாட்டி அது கத்தும். கத்துனா நீ வந்து தூக்குவே. தூக்குற வரிக்கும் அது மூஞ்சிய நீ பாத்துகினு நிக்கணும், வேற வழியில்ல. காத்தால கெளம்பறப்போ இத்த எறக்கணும். எறக்கலன்னா ஏறாது. மறுநாளு வெளக்கு இல்ல. அதுக்கும் அதுவே கத்தும்."

வால்டர் அந்தச் செம்புக் கத்தியைத் தூக்கினான், இறக்கினான்.

"கத்தறதும் எனக்குக் கேட்கலைன்னா?"

கஸ்பார் ஸ்குரூடிரைவரைத் துணியில் துடைத்தான். துடைத்து முடித்த பிறகும் துடைத்தான்.

"கேக்கும்," என்றான்.

சிலுவையம்மாள் அம்முவைத் தூக்கிக்கொண்டு வந்து வண்டிக்குள் ஏறினாள். தலையணை, துப்பட்டி, ராகிமாவு டப்பா, மருந்து சீசா எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்திருந்தாள். கணவனிடம் இரண்டு நாளாகப் பேச்சு இல்லை. சன்னல்களில் கறுப்புத் துணியை இழுத்துவிட்டு, அம்முவைக் கட்டிலில் போட்டு, "எத்த தூக்கணும்?" என்று வால்டரைக் கேட்டாள். அவன் தூக்கினான். மஞ்சளாக ஒரு சின்ன பல்பு எரிந்தது.

அம்மு அதைப் பார்த்தாள். இந்தப் பக்கம் புரண்டாள், அந்தப் பக்கம் புரண்டாள். எழுந்து உட்கார்ந்தாள்.

"தூக்கம் வராது அதுக்கு," என்றாள் சிலுவையம்மாள்.

"விளக்குதான் எரியுதே அக்கா."

"வெளக்கு ஒண்டி இருந்தா? சத்தம் வோணாவா? பாட்ரி கொதிக்கிற சத்தம் கேட்டுதான் கண்ண மூடும் அது." துப்பட்டியை இழுத்து மடித்தாள். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று அவள் நினைத்தது கஸ்பாருக்கு வாசலில் நின்றபடியே தெரிந்தது. அவள் சொன்னாள். "கரண்டு பூட்டா நான் ஒண்ணு பண்ணுவேன். காதாண்ட வாய வெச்சு. இப்படி. ஸ்ஸ்ஸ். சத்தத்த உடக்கூடாது. நடுவுல நிறுத்துனா முழிச்சுக்கும். மூக்கால மூச்ச இஸ்துக்கினு, வாயால உட்டுகினே இருக்கணும். பண்ணுங்க."

வால்டர் அம்முவின் பக்கத்தில் குனிந்தான். "ஸ்ஸ்."

"பாம்பாட்டமா பண்ணாதீங்க தம்பி. கொயந்த பயந்துக்கும். மெல்ல."

"ஸ்ஸ்ஸ்ஸ்."

வெளியே வேம்பு, "சார், சைக்கிள் டயருக்கு காத்து போவுது," என்றான்.

அம்மு சிரித்தாள். வால்டரின் உதட்டின் மேல் விரலை வைத்து அழுத்தினாள், சத்தம் நிற்கிறதா என்று பார்ப்பது போல. அவன் நிறுத்தவில்லை. அவன் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அடக்கத்தன்றுகூட அதை யாரும் பார்த்ததில்லை. சிலுவையம்மாள் அதைப் பார்த்தாள். முந்தானையை எடுத்து அவன் பக்கம் நீட்டப் போனவள், மடித்துத் தன் முகத்தையே துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

*

சனிக்கிழமை காலைப் பூசை முடிந்து புறப்பட்டார்கள். சந்து முழுக்க, ஹார்பரிலிருந்து பறந்து வந்த நிலக்கரித்தூள் கலந்த மழைத்தண்ணீர் கறுப்பாக நின்றது. அம்மு எப்போதும் போல சோடா சட்டியில் கையை முக்கினாள். சிலுவையம்மாள் அந்தக் கைகளை விரல் விரலாகத் துடைத்தாள். பிறகு வண்டியில் ஏற்றி விட்டாள்.

அம்முவுக்கு வண்டியில் போவதில் சந்தோஷம். நகர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டாள்.

"ம்மா, ஏறு."

"அம்மா அப்பால வரும்," என்றான் கஸ்பார்.

"நைனா ஏறு."

"நைனாவும் அப்பாலதான்."

வால்டர் சாவியைத் திருப்பினான். முதல் இழுப்பிலேயே என்ஜின் பிடித்துக்கொண்டது. ஒரு வினாடி அது பிடிக்காமல் போகாதா என்று கஸ்பார் நினைத்தான். வண்டி கடைத்தெரு முனையில் திரும்பும்போது பின்பக்கச் சன்னலில் ஒரு சின்னக் கை கண்ணாடியைத் தட்டுவது தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை.

"குடை," என்றான் வேம்பு.

வால்டரின் குடை ஸ்டூலில் இருந்தது. யாரும் ஓடிப்போய்க் கொடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஏற்றுவதற்குப் பாட்டரி ஒன்றும் இல்லை. வந்த இரண்டு பேரையும் கஸ்பார் திங்கட்கிழமை வரச் சொல்லி அனுப்பிவிட்டான். விளக்கு வைக்கிற நேரம் வந்தது, போனது. கடையில் இருட்டு. கோயிலில் திரிகால ஜெப மணி அடித்து ஓய்ந்தது. சிலுவையம்மாள் பாயை விரித்துச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். உலையில் அரிசி போட்ட மாதிரி தெரியவில்லை.

"யோவ்," என்றாள். இத்தனை நாளுக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு. "பல்பப் போடு."

"ஏத்துறதுக்கு ஒண்ணும் இல்லம்மே. பாட்ரி இல்லாம எரியாது."

"மூலையில பழசு ஒண்ணு கீதே."

"அது செத்த பாட்ரி. உள்ள ப்ளேட்டுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு கீது. கரண்டு ஒரு பக்கம் போவும், இன்னொரு பக்கம் வரும். ஒண்ணும் தங்காது."

"அத்தப் போடு."

கஸ்பார் அதை மூலையிலிருந்து இழுத்து வந்து ஒயரை மாட்டினான். பல்புகள் எரிந்தன. வரிசை முழுக்க. சாக்குத் திரையின் ஓட்டைகள் வழியாக உள்ளே பாயின் மேல் வெளிச்சம் விழுந்தது. ஆனால் அந்தப் பாட்டரி கொதிக்காது. சத்தம் வரவில்லை. அவன் ஸ்டூலில் இருந்த குடையை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு அங்கே உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரைக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. சன்னமாக, ஸ்ஸ் என்று, மூச்சு விடாமல். பக்கத்தில் அம்மு படுக்கிற இடத்தில் வெறும் பாய் கிடந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.